லினக்ஸில் வீடியோ திக்கித் திக்கி ஓடியது: 24 நாள், 5,560 ரூபாய், ஒரே ஒரு சொல்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நீட் தேர்வுக்கான பாடங்களையெல்லாம் பதிவு செய்த வீடியோக்களாகத்தான் பார்க்கிறாள். போனின் சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்ததால், தீபாவளி முடிந்த கையோடு மதுரையில் ஒரு கடைக்குப் போய்ப் பழைய மடிக்கணினி ஒன்றை 17,500 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். இன்டெல் ஐ5, ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ராம், கூடவே என்விடியா 940எம்எக்ஸ் என்ற சின்ன கிராபிக்ஸ் சிப். அப்போது பழைய மடிக்கணினி மலிவாகக் கிடைத்ததற்கும் காரணம் இருந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11ஓ இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நான் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள், கணினிப் படிப்பு எதுவும் இல்லை. வீட்டுக்காரர் லாரியில் வெளியூர் போய்விட்டால் பத்து நாள் ஆகும் திரும்பி வர. பக்கத்தில் கேட்க ஆள் இல்லாமல் போனைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் செய்தேன். இதை எழுதுவதும் அதற்காகத்தான், எனக்கு முன்னால் இந்த வழியில் போன யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு 24 நாள் மிச்சமாகியிருக்கும்.

நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. பென்டிரைவில் மின்ட் 22.2 ஏற்றி ஆரம்பித்தால் லோகோ வரைக்கும் வந்து திரை அப்படியே உறைந்துவிட்டது. தேடியதில் 'நோமோட்செட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று போட்டிருந்தார்கள். சேர்த்தேன், வந்தது. நிறுவி முடித்த பிறகு மறுபடியும் உறைந்தது. அப்போது அதே சொல்லை நிரந்தரமாக எழுதி வைக்கும் வழி கிடைத்தது. கணினி எப்படி எழ வேண்டும் என்பதை எழுதி வைக்கும் 'க்ரப்' என்ற கோப்பைத் திறந்து, 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும் வரியின் கடைசியில் அதையும் எழுதிச் சேமித்து, அங்கே சொன்ன கட்டளையையும் கொடுத்தேன். மறந்துவிடக் கூடாதென்று ஒரு துண்டுத் தாளில் குறித்து, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒட்டியும் வைத்தேன். எழுத்து பளிச்சென்று தெரிந்தது, தமிழும் சரியாக வந்தது, அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்தச் சொல் என்ன செய்கிறது என்று மட்டும் அன்றைக்குப் படிக்கவில்லை.

மறுநாள் இயற்பியல் பாடம் போட்டுவிட்டு மகள் கூப்பிட்டாள். "அம்மா, சார் பேசுறது ஒரு பக்கம் போகுது, போர்டுல எழுதுறது ஒரு பக்கம் போகுது." உண்மைதான். குரல் ஒழுங்காக வந்தது, படம் மட்டும் நின்று நின்று தாவியது. மடிக்கணினியின் விசிறி வேறு மிக்ஸி மாதிரி சத்தம் போட்டது. நான் முதலில் சந்தேகப்பட்டது இணையத்தை. உடனே வேகமான திட்டத்துக்கு மாறி, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 1,060 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஆறாவது நாள்தான் ஒரு யோசனை வந்தது. என் போனில் எடுத்த வீடியோ ஒன்றைக் கேபிள் வழியாக மடிக்கணினிக்கு மாற்றி, இணையத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அதுவும் திக்கியது. அப்படியென்றால் இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! ஐந்து பைசா செலவில்லாத இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும், நீங்களாவது செய்யுங்கள். யூடியூப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வீடியோ மேல் வலது கிளிக் செய்தால் கடைசியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று வரும். அதில் 'பஃபர் ஹெல்த்' நிறைய வினாடி காட்டும்போதே 'டிராப்டு' என்ற எண்ணும் ஏறிக்கொண்டே போனால், வீடியோ உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது, உங்கள் கணினியால்தான் அதை நேரத்துக்குக் காட்ட முடியவில்லை என்று பொருள்.

சரி, சூடாகிறதே என்று அடியில் விசிறி வைத்த தட்டு ஒன்று வாங்கினேன், 750 ரூபாய். அப்புறம் ராம் போதவில்லை என்று உள்ளூர்க் கடையில் சொன்னதைக் கேட்டு இன்னொரு 8 ஜிபி போட்டேன், 2,900 ரூபாய். ராம் எவ்வளவு செலவாகிறது என்று மின்ட்டிலேயே 'சிஸ்டம் மானிட்டர்' திறந்து பார்த்திருந்தால் பாதிகூட நிரம்பவில்லை என்று தெரிந்திருக்கும். பார்த்தேன், ஆனால் பணம் கொடுத்துவிட்டு வந்த பிறகு பார்த்தேன். அதே பக்கத்தில் புராசசரின் கோடுகள் எல்லாம் உச்சியில் ஒட்டிக்கொண்டு ஓடியதும் கண்ணில் பட்டது. அதுதான் நோய்க்கான அடையாளம், எனக்கு அப்போது வாசிக்கத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் சின்னச் சின்னதாக வேறு தொல்லைகளும் இருந்தன. திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை, பழைய மெஷின், பொத்தான் தேய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்தால் டிவியில் ஒன்றும் வரவில்லை, கேபிள் கெட்டிருக்கும் என்று 350 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கினேன், அப்போதும் வரவில்லை. மூடி வைத்துவிட்டுத் திறந்தால் சில நேரம் திரை எழுந்திருக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிரச்சினை என்று நினைத்துத் தனித்தனியாகப் பணம் செலவழித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மடிக்கணினியிலும் வீடியோ திக்கல், வெளிச்சம் மாறாமை, டிவி தெரியாமை, மூடித் திறந்தால் எழாமை, இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே போதும், தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள். கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள், ஏறவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நானும் ஒரு வழியாக டிரைவர் பக்கம் வந்தேன், ஆனால் தப்பான சிப்புக்கு. கிராபிக்ஸ் என்றால் என்விடியாதான் என்ற எண்ணம். மின்ட்டின் 'டிரைவர் மேனேஜர்' திறந்து அது பரிந்துரைத்ததையே போட்டேன். நடுவில் ஒரு கடவுச்சொல் கேட்டது, ஏதோ கொடுத்தேன். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து 'என்ரோல் எம்ஓகே' என்றும் 'கன்டினியூ பூட்' என்றும் கேட்டது. வைரஸோ என்று பயந்து 'கன்டினியூ' அழுத்திவிட்டேன். 'செக்யூர் பூட்' போட்டிருக்கும் கணினியில் வெளியிலிருந்து வரும் டிரைவருக்குக் கையொப்பச் சாவி பதிவாகியிருக்க வேண்டும், அதைப் பதிவு செய்யும் இடம்தான் அந்த நீலத் திரை. அங்கே 'என்ரோல்' கொடுத்து, முன்பு வைத்த அதே கடவுச்சொல்லைத் தட்டினால்தான் டிரைவர் ஏறும். தவறவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் பெரிதாகக் காட்டாமல் பேசாமல் இருந்துவிடும், நாம் போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். இரண்டாம் முறை படித்துவிட்டு ஒழுங்காகச் செய்தேன். டிரைவர் ஏறியது, உள்நுழையும் திரையே வரவில்லை. முழுக் கருப்பு.

அந்த ராத்திரியை மறக்க மாட்டேன். மணி ஒன்று, மறுநாள் மகளுக்கு வேதியியல் மாதிரித் தேர்வு, அவளுடைய குறிப்புகள் சிலவும் அதற்குள் இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் படமில்லாத வெறும் எழுத்துத் திரை வரும் என்று போனில் படித்தேன். வந்தது. அதில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, என்விடியா என்று தொடங்கும் தொகுப்புகளை எல்லாம் நீக்கும் கட்டளையைக் கொடுத்து மறுதொடக்கம் செய்தேன், பழைய நிலைக்கு வந்தது. திரை கருப்பானதும் 'போச்சு' என்று திரும்ப நிறுவ ஓடாதீர்கள், பெரும்பாலும் உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். அதைவிட முக்கியம், டிரைவரில் கை வைப்பதற்கு முன் மின்ட்டிலேயே இருக்கும் 'டைம்ஷிஃப்ட்' வழியாக ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது. முதல் நாள் வரவேற்புத் திரையிலேயே அது சொல்லியிருந்தது, நான் மூடிவிட்டேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், டைம்ஷிஃப்ட் வழக்கமாகக் கணினி அமைப்பைத்தான் படியெடுக்கும், நம் சொந்தக் கோப்புகளைத் தனியாகப் பென்டிரைவில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஒரு பழுது பார்க்கும் கடை. பார்ப்பதற்கே 500 ரூபாய். அரை மணி நேரம் கழித்து, கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, மதர்போர்டு மாற்ற வேண்டும், 8,500 ஆகும் என்றார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை, அதனால் மட்டும்தான் இரண்டு நாள் கேட்டு வாங்கி வந்தேன். இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். மதுரையில் வாங்கிய கடையோ ஏழு நாள்தான் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டது.

அந்த இரண்டு நாளில்தான், மாற்றுவதை நிறுத்திவிட்டு என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், ஒரு கட்டளை. மின்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஐ, என், எக்ஸ், ஐ, பிறகு இடைவெளி, ஒரு கோடு, பெரிய எழுத்தில் ஜி. அதைத் தட்டினால் கிராபிக்ஸ் பற்றிய விவரம் மட்டும் வரும். எனக்கு வந்ததில் இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 620 (புராசசரோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் சிப்) என்ற பெயருக்குப் பக்கத்தில் டிரைவர் என்ற இடத்தில் 'என்/ஏ', அதாவது எதுவும் இல்லை. கீழே 'ரெண்டரர்' என்ற இடத்தில் 'எல்எல்விஎம்பைப்'. அது என்ன என்று தேடிய ஐந்தாவது நிமிடத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கிராபிக்ஸ் சிப் எதுவும் வேலை செய்யாதபோது, திரையில் வரும் ஒவ்வொரு புள்ளியையும் புராசசரே கணக்குப் போட்டு வரைவதற்கான மாற்று ஏற்பாட்டின் பெயர் அது. சுருக்கி வைத்த வீடியோவை விரிப்பதும் புராசசர், திரையில் வரைவதும் புராசசர், அதுவும் இரண்டே கருக்கள் (கோர்) கொண்ட ஏழாம் தலைமுறைப் புராசசர். திக்காமல் என்ன செய்யும். சிப் கெடவில்லை, அதை யாரோ தூங்க வைத்திருக்கிறார்கள்.

யார் என்று பார்க்க இன்னொரு கட்டளை. 'ப்ராக்' என்ற அடைவுக்குள் 'சிஎம்டிலைன்' என்று ஒரு கோப்பு இருக்கும். கணினி எழும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் என்னென்ன சொல்லி எழுப்பினோம் என்பது அதில் ஒரே வரியாக இருக்கும். திறந்தேன். கொயட், ஸ்பிளாஷ், நோமோட்செட். எழுந்து போய்க் காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன், என் கையெழுத்திலேயே இருந்தது.

நோமோட்செட் என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் படித்தேன். திரையின் அளவு, வெளிச்சம், எந்தக் கேபிளில் எந்தத் திரை என்பதையெல்லாம் 2009 வாக்கிலிருந்து லினக்ஸில் கெர்னலே பார்த்துக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்யாதே என்று சொல்வதுதான் நோமோட்செட். சொன்னதும் இன்டெல், ஏஎம்டி, என்விடியாவுக்கான நூவோ என்று எல்லா கிராபிக்ஸ் டிரைவரும் ஒதுங்கிக்கொள்ளும். கணினியை முதலில் எழுப்பும் பயாஸ் தந்த வெறும் திரையை வைத்துக்கொண்டு கணினி ஓடும். என் மடிக்கணினியில் அந்த வெறும் திரையே முழு அளவில் வந்ததால் எழுத்து பளிச்சென்று இருந்தது, எனக்குச் சந்தேகமே வரவில்லை. வெளிச்சப் பொத்தான், டிவி, மூடித் திறப்பது எல்லாம் ஏன் செத்துக் கிடந்தன என்பதும் புரிந்தது. என்விடியா போட்டபோது ஏன் கருப்பானது என்பதும் புரிந்தது. இந்த மாதிரி இரட்டைச் சிப் மடிக்கணினியில் திரை பெரும்பாலும் இன்டெல் சிப்போடுதான் இணைந்திருக்கும், என்விடியா வரைந்ததையும் இன்டெல் வழியாகத்தான் காட்ட வேண்டும். நான் அந்த வாசலைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே ஆளை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

சரி, நோமோட்செட்டை எடுத்துவிட்டால் மறுபடி உறையுமே? உறைய வைத்தது இன்டெல் இல்லை. என்விடியா சிப்புக்காக லினக்ஸோடு தானாக வரும் 'நூவோ' என்ற டிரைவரும் என் சிப்பும் ஒத்துப்போகவில்லை. அப்படியென்றால் அதை மட்டும் நிறுத்தினால் போதும். நோமோட்செட் இருந்த இடத்தில் நூவோ, புள்ளி, மோட்செட், சமக்குறி, பூச்சியம், நடுவில் இடைவெளி இல்லாமல். இந்த முறை கோப்பில் எழுதவில்லை. கணினி எழும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் க்ரப் பட்டியல் வரும், பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட். அதில் ஆங்கில 'இ' எழுத்தை அழுத்தினால் அந்த வரியைத் திருத்தலாம், எஃப்10 அழுத்தினால் எழும். இந்தத் திருத்தம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், தப்பாகப் போனால் அணைத்துப் போட்டாலே பழையபடி ஆகிவிடும். நிரந்தரமாக எதையும் எழுதுவதற்கு முன் இப்படி ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்பது நவம்பர் 2ஆம் தேதியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சிக்கலான நிறுவலுக்கு நோமோட்செட் நல்ல உதவிதான், நிறுவி முடிக்கும் வரைக்கும். அதோடு வாழக் கூடாது.

எழுந்தது. முதலில் நான் அழுத்தியது வெளிச்சப் பொத்தானை. திரை மங்கியது, கூடியது. அப்போதே தெரிந்துவிட்டது. அதே கட்டளையைத் தட்டினேன், டிரைவர் 'ஐ915', அதாவது இன்டெல்லுடையது, ரெண்டரரில் 'மேசா இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 620'. பிறகுதான் க்ரப் கோப்பில் எழுதிச் சேமித்து, 'அப்டேட்-க்ரப்' கட்டளையையும் கொடுத்தேன். கோப்பை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் கடைசிக் கட்டளையை விட்டுவிட்டால் எதுவும் மாறாது, மறக்க வேண்டாம். அன்று நவம்பர் 26.

ஆனாலும் யூடியூபில் சில பாடங்கள் லேசாகத் திக்கின. வரைவது சரியாகிவிட்டது, இப்போது விரிப்பதில் மிச்சம். வீடியோ எந்த வகையில் சுருக்கப்பட்டிருக்கிறதோ அந்த வகையைச் சிப்புக்குத் தெரிந்திருந்தால்தான் அது விரிக்கும், தெரியாவிட்டால் வேலை மறுபடியும் புராசசர் தலையில். 'விஏஇன்ஃபோ' என்ற சின்னக் கருவியைப் போட்டுப் பார்த்தால் சிப்புக்குத் தெரிந்த வகைகளின் பட்டியல் வரும். என்னுடையதில் எச்264 இருந்தது, விபி9 இருந்தது, ஏவி1 இல்லை. இன்டெல்லில் ஏவி1ஐ விரிக்கும் வசதி 2020இல் வந்த பதினொன்றாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. ஸ்டாட்ஸ் பக்கத்தில் 'கோடெக்ஸ்' வரியைப் பார்த்தேன், திக்கும் வீடியோ எல்லாம் ஏவி1. ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபவுட் கான்ஃபிக்' பக்கத்தைத் திறந்து, 'மீடியா ஏவி1 எனேபிள்டு' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினேன். அதற்குப் பிறகு யூடியூப் விபி9 அனுப்புகிறது. இன்டெல் சிப் உள்ளவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115இலிருந்து சிப் வழியாக விரிப்பது தானாகவே நடக்கிறது. 'இன்டெல் ஜிபியு டாப்' என்று ஒரு கருவி உண்டு, அதில் வீடியோ என்ற வரி அசைந்தால் சிப் வேலை செய்கிறது என்று நம்பலாம். முன்பு 95 விழுக்காட்டில் நின்ற புராசசர் இப்போது பாடம் ஓடும்போது 20ஐத் தாண்டுவதில்லை, விசிறிச் சத்தமும் அடங்கிவிட்டது.

விஏஇன்ஃபோ பட்டியலே வராமல் பிழை காட்டினால் அதற்கான டிரைவர் தொகுப்பு இல்லை என்று பொருள். இன்டெல் ஐந்தாம் தலைமுறையும் அதற்குப் பின்னும் என்றால் 'இன்டெல் மீடியா', அதற்கு முந்தையது என்றால் 'ஐ965', ஏஎம்டி என்றால் 'மேசா' பெயரில் இருப்பது. ஃபெடோரா என்ற வேறொரு லினக்ஸைப் பயன்படுத்தும் ஏஎம்டிக்காரர்கள் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும், காப்புரிமைச் சிக்கலால் 2022இல் எச்264, எச்265 விரிப்பதை அவர்கள் மேசாவிலிருந்து எடுத்துவிட்டார்கள், 'ஆர்பிஎம் ஃப்யூஷன்' களஞ்சியத்திலிருந்து 'ஃப்ரீவேர்ல்டு' என்று முடியும் தொகுப்பைப் போட வேண்டும்.

என்விடியா டிரைவரை நான் திரும்பப் போடவில்லை. பாடம் பார்க்க அது தேவையே இல்லை. வேறு வேலைக்குத் தேவைப்படுகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 'ஓப்பன்' என்று பெயரில் வரும் என்விடியா டிரைவர் 2018இல் வந்த டூரிங் சிப்புகளுக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும்தான். 940எம்எக்ஸ் போன்ற மேக்ஸ்வெல் காலத்துச் சிப்புகளுக்கு 580 வரிசைதான் கடைசி, அதைவிடப் பெரிய எண் புதியது என்று போட்டால் வேலை செய்யாது.

போன வாரம் என் தம்பி உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட அவனுடைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, எனக்கும் வீடியோ திக்குது, உன்னை மாதிரியே அந்த நூவோவை எழுதிக் குடு" என்றான். எழுதித் தரவில்லை. முதலில் அந்தக் கட்டளையைத் தட்டினேன், இன்டெல் டிரைவர் ஒழுங்காக ஏறியிருந்தது. சிஎம்டிலைனில் கொயட், ஸ்பிளாஷ் தவிர வேறு எதுவும் இல்லை. போனில் எடுத்த வீடியோ பிளேயரில் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஆக பிரச்சினை உலாவிக்குள். ஃபயர்ஃபாக்ஸில் 'அபவுட் சப்போர்ட்' பக்கம் திறந்தால் 'கம்போசிட்டிங்' என்ற வரியில் 'வெப்ரெண்டர்' பக்கத்தில் 'சாஃப்ட்வேர்' என்று இருந்தது, அதாவது உலாவி சிப்பை விட்டுவிட்டுப் புராசசரை வைத்தே வரைந்துகொண்டிருந்தது. அமைப்புகளில் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறான். திரும்பப் போட்டு உலாவியை மூடித் திறந்தோம், சரியாகிவிட்டது. டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டான்.